வாடகை ஃபிளாட்டில் தச்சுப்பட்டறை: உங்கள் கையாலேயே ஒரு பெஞ்ச் செய்ய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

தொம்மலூர் ஃப்ளைஓவர் பக்கம் ஒரு வாடகை ஃபிளாட். ஆன்லைனில் வாங்கிய ஷூ ரேக்கின் அடிப்பலகை ஒரே மழைக்காலத்தில் தண்ணீர் குடித்து ஊதிவிட்டது. கழன்ற ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கினால் பிடிக்கவில்லை, ஓட்டையிலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. வேறு வழியில்லாமல் அதைத் தூக்கி லிஃப்ட் ஓரமாக வைக்கிறீர்கள். அங்கே ஏற்கெனவே இன்னொரு வீட்டின் ரேக் நிற்கிறது.

பெங்களூருவில் வேலை பார்க்கும் பலருக்கு இது பழகிய காட்சிதான். இதைப் பார்த்துச் சலித்த சிலர் சனி, ஞாயிறுகளில் பால்கனியில் உளியும் வாளுமாக உட்காரத் தொடங்கியிருக்கிறார்கள். உங்களுக்கும் அந்த ஆசை உண்டா? தொடங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே பார்க்கலாம்.

ஒரு சின்னத் தகவல். தொம்மலூரின் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இந்த ஊரின் பெயர் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. 1270-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்ததைப் பதிவு செய்திருக்கிறது. ஒரு வாசலின் இரண்டு கால்களைக்கூட எழுதிவைக்கத் தகுந்ததாக நினைத்த ஊர் இது. நாம் வாங்கும் ரேக் இரண்டு வருடம் தாங்கினாலே பெரிய விஷயமாகிவிட்டது.

மெஷின் இருக்கும்போது கையால் எதற்கு?

முதல் காரணம் சத்தம். மின்சார வட்ட வாளும் ரவுட்டரும் 100 டெசிபெல்லை நெருங்கிக் கத்தும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகல் நேர வரம்பு 55 டெசிபெல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோ நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவரோ இருந்தால் சட்டம் வரைக்கும் போக வேண்டியதில்லை, மறுநாளே உங்கள் பட்டறைக்கு மூடுவிழா. கைவாளும் இழைப்புளியும் அவ்வளவு சத்தம் போடாது. உளியை அடிக்கும்போதுதான் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். அதற்கு ஒரு தடிமனான ரப்பர் மேட் போட்டுக்கொண்டு, பகலில் மட்டும் அடித்தால் போதும்.

இரண்டாவது காரணம் தூசி. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை 1995-இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. முக்கியமான ஆபத்து மூக்கின் உட்பகுதிக்கு. மெஷினும் உப்புத்தாளும் கிளப்பும் நுண்தூள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். கூர்மையான இழைப்புளியில் வருவது தூள் இல்லை, சுருள் சுருளான சீவல். அதைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடலாம். படுக்கையறையும் பட்டறையும் ஒரே கதவைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இந்த வித்தியாசம் சாதாரணமானதில்லை.

மூன்றாவது காரணம் இடம். நான்கடிக்கு ஆறடி பால்கனியும், சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்கும் ஒரு கனமான மேசையும் இருந்தால் பட்டறை தயார்.

பணம் மிச்சமாகுமா என்றால், ஆகாது. நல்ல மரம், கருவி, உங்கள் வார இறுதிகள் எல்லாவற்றையும் கூட்டினால் முதல் பெஞ்ச் கடை விலையைத் தாண்டிவிடும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் செய்த பொருளை நீங்களே கழற்றலாம், ரிப்பேர் செய்யலாம், வீடு மாறும்போது கூடவே கொண்டுபோகலாம்.

மரம் அசையும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: வெட்டிக் காயவைத்த பிறகும் மரம் அசைந்துகொண்டுதான் இருக்கும்.

காற்றில் ஈரம் கூடினால் மரம் அதை உறிஞ்சி விரியும், காற்று வறண்டால் ஈரத்தை விட்டுச் சுருங்கும். இந்த அசைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்காது. ரேகை ஓடும் நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காது. அகலவாக்கில்தான் விளையாட்டு. பச்சை மரம் முழுதாகக் காயும் வரை தேக்கு, வருட வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் அதில் ஏறக்குறைய பாதி. அசைவு குறைந்த மரம் என்று பெயர் வாங்கிய தேக்குக்கே கணக்கு இதுதான்.

கடலோரச் சென்னையின் ஈரக் காற்றுக்குப் பழகிய ஒரு மேசை, 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவின் மார்ச் மாத வறட்சிக்கு வருகிறது என்று வையுங்கள். மரத்திலுள்ள ஈரம் 5 சதவீதப் புள்ளி இறங்கினால், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகை 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை சுருங்கலாம். அந்தப் பலகையைக் குறுக்குச் சட்டத்தோடு பசை போட்டு, ஆணியும் அடித்து இறுக்கியிருந்தால் அது எங்கே போய்ச் சுருங்கும்? நடுவில் பிளந்துகொள்ளும். “ஊர்ல நல்லா இருந்துச்சு, இங்க வந்ததும் வெடிச்சிருச்சு” என்று பாட்டி வீட்டு மேசையைப் பற்றிச் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான்.

பிளைவுட் இப்படி அசையாது. மெல்லிய மர அடுக்குகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் ஒரு அடுக்கு அசைய நினைத்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். அதனால் பிளைவுட்டைக் கேவலமாக நினைக்க வேண்டாம், அலமாரியின் முதுகுக்கும் டிராயரின் அடிக்கும் அது அருமையான பொருள். உங்கள் ஷூ ரேக் வேறு ஜாதி. மரச்சில்லையும் தூளையும் பசையோடு அழுத்திய பலகை அது. அதில் நார் ஓட்டமே இல்லை, ஸ்க்ரூ பிடிக்க எதுவும் கிடையாது.

எந்த மரம், எங்கே வாங்குவது?

“வைரம் பாய்ந்த கட்டை” என்று நாம் மனிதர்களைச் சொல்வது மரத்திலிருந்து வந்த பேச்சு. அடிமரத்தின் உள்பகுதிதான் வைரம். நிறம் கூடியிருக்கும், பூச்சி எளிதில் தொடாது. வெளிறிய வெளிப்பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைத்து, மரம் உளுத்துப்போகும். பலகை வாங்கும்போது ஓரத்தில் வெளிறிய பட்டை எவ்வளவு அகலம் என்பதை முதலில் பாருங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டையும் பக்கத்தில் மாவும் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

தேக்கு இழைக்கச் சுகமான மரம், ஆனால் ஒரு கன அடி சில ஆயிரம் ரூபாய். பழகுகிற கைக்கு அது தேவையில்லை. குடகு, நீலகிரி காபி, டீத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் விலை குறைவு, வேலைக்கு மென்மை, இழைத்தால் அழகான புள்ளி மினுமினுப்பு வரும். பூச்சிக்கு மட்டும் மருந்து அடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். வேம்பு, பலா, பூவரசு ஆகியவையும் நல்ல மரங்கள். தஞ்சாவூர் வீணை பலாவில்தான் பிறக்கிறது. ஈட்டி மரம் இப்போதைக்கு வேண்டாம். அந்த இனம் முழுவதுமே 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

மைசூரு ரோட்டில் டிம்பர் யார்டு லேஅவுட் என்று ஒரு பகுதிக்குப் பெயரே உண்டு. கருவிகளுக்கு டவுன் ஹால் பக்கத்து எஸ்.ஜே.பி. ரோடு. இன்னொரு நல்ல வழி, இடித்த வீடுகளின் பழைய கதவு, ஜன்னல் சட்டங்கள். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் அது, அசைய வேண்டியதில் பெரும்பகுதி அசைந்து முடித்திருக்கும். வாள் வைப்பதற்கு முன் காந்தத்தால் தடவி ஆணிகளைக் கண்டுபிடித்துவிடுங்கள், பழைய பெயின்ட் இருந்தால் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம்.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று சரக்குப் பெட்டி மரத்தைத் தூக்கி வருகிறீர்களா? அதில் குத்தியிருக்கும் சர்வதேச முத்திரையைப் பாருங்கள். “எச்டி” என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுத்துக்கொள்ளலாம். “எம்பி” என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு பிடித்தது, வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். முத்திரையே இல்லையா? அதையும் விட்டுவிடுங்கள்.

கடையில் கன அடி கணக்கு சொல்வார்கள், முழிக்காதீர்கள். நீளத்தை அடியிலும், அகலத்தையும் தடிமனையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. மூன்றடி நீளம், 11 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன் என்றால் 49.5-ஐ 144-ஆல் வகுக்க 0.34 கன அடி. அறுத்ததும் சீவியதும் போகக் கையில் நிற்பது குறையும் என்பதால், தேவையான அளவுக்கு மேல் 30 சதவீதம் சேர்த்து வாங்குங்கள். வாங்கி வந்ததும் வாளைத் தூக்காமல், பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழக விடுங்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

பட்டியல் சின்னதுதான். டேப், மூலைமட்டம், கூர்மையான கத்தி (கோடு போட பென்சிலை விடத் துல்லியம்). ஒரு கைவாள்: நம் ஊர் வாள் தள்ளும்போது அறுக்கும், ஜப்பானிய வாள் இழுக்கும்போது அறுக்கும். இழுக்கும்போது தகடு வளையாது என்பதால் புதியவர்களுக்கு இரண்டாவது சுலபம். 6, 12, 25 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று உளிகள். அடிக்க மரத்தாலான கொட்டாப்புளி. ஒரு இழைப்புளி. நான்கு கிளாம்ப். கடைசியாகச் சாணைக்கல்.

கடைசியாகச் சொன்னது முதலில் வாங்க வேண்டியது. “எனக்கு இது வராது” என்று விட்டுவிட்டுப் போகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை கையில் இல்லை, உளியின் முனையில். புது உளி கூர்மையாக வராது. அதன் தட்டையான முதுகைக் கல்லில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை தேய்க்க வேண்டும். சரிந்த முகத்தை 25 டிகிரியில் தேய்த்து, நுனியை மட்டும் 30 டிகிரியில் முடிக்க வேண்டும். மறுபக்கம் விரலால் தடவினால் மெல்லிய பிசிர் தட்டுப்படும். அந்தப் பிசிரை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. மென்மையான மரத்தின் வெட்டுமுகத்தில் சீவிப் பாருங்கள். நொறுங்காமல் வழவழப்பாக வந்தால் கூர்மை. இதற்கு ஒரு வார இறுதி முழுவதும் போனாலும் வீண் இல்லை.

முதலில் மணை, பிறகு பெஞ்ச்

முதல் வேலை ஒரு மணைப்பலகை. ஆமாம், கல்யாணத்தில் மாப்பிள்ளை உட்காரும் அதே மணை. ஒரு பலகை, அடியில் குறுக்கே இரண்டு சட்டம், அவ்வளவுதான். ஆனால் மரம் அசையும் என்ற பாடம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

பலகை அகலவாக்கில் அசையும், குறுக்குச் சட்டம் தன் நீளவாக்கில் அசையாது. அதனால் சட்டத்தைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் மூன்று ஸ்க்ரூ. நடுவில் இருப்பது இறுக்கமான துளையில். ஓரங்களில் இருக்கும் இரண்டுக்கும், சட்டத்தில் பக்கவாட்டில் நீண்ட துளை போடுங்கள். பலகை விரிந்தால் ஸ்க்ரூ துளைக்குள் நகர்ந்து இடம் கொடுக்கும். வெடிப்புக்கு வேலையே இல்லை. இதைப் புரிந்துகொண்டு ஒரு மணை செய்துவிட்டால், டைனிங் டேபிள் வரைக்கும் விதி இதேதான்.

அடுத்தது பெஞ்ச். அளவு இப்படி வைத்துக்கொள்ளலாம். இருக்கை 36 அங்குல நீளம், 11 அங்குல அகலம். கால்களுக்கு இரண்டு பலகைகள், ஒவ்வொன்றும் பதினேழரை அங்குல உயரம், 10 அங்குல அகலம். எல்லாம் ஒன்றரை அங்குலத் தடிமன். இரண்டு கால்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் 31 அங்குல நீளம், 4 அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிமன். மொத்தம் முக்கால் கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. சேதாரம் சேர்த்து ஒரு கன அடி வாங்கினால் போதும். 11 அங்குலப் பலகை கிடைக்கவில்லையென்றால் இரண்டு பலகைகளை ஓரத்தோடு ஓரம் இழைத்து ஒட்டிக்கொள்ளலாம்.

கால் பலகைகளின் ரேகை மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அப்போது காலின் அகலமும் இருக்கையின் அகலமும் ஒரே திசையில், சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். சண்டை வராது.

ஒவ்வொரு காலின் தலையிலும் இரண்டு நாக்குகள் விடுங்கள். அவை நுழைய இருக்கையில் நான்கு துளைகள். இதுதான் பொளிகழுந்து இணைப்பு, ஆங்கிலத்தில் மார்ட்டைஸ்-டெனன். துளையை முதலில் வெட்டி, அதற்கு ஏற்றபடி நாக்கை வெட்டுங்கள். நாக்கைச் சீவிச் சரிசெய்வது எளிது, பெரிதாகிப் போன துளையைச் சின்னதாக்க முடியாது. துளையைப் பாதி இந்தப் பக்கமிருந்தும் பாதி அந்தப் பக்கமிருந்தும் வெட்டினால் மறுமுனை சிதறாது.

குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளும் கால்களைத் துளைத்துக்கொண்டு, இரண்டரை அங்குலம் வெளியே நீட்ட வேண்டும். நீட்டிய பகுதியில் ஒரு துளை, அதில் ஒரு ஆப்பு. இங்கே ஒரு நுணுக்கம்: அந்தத் துளை, காலின் வெளிமுகத்துக்குச் சற்று உள்ளேயே தொடங்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு இறங்க இறங்கக் காலை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும். வெளிமுகத்தோடு சரியாகத் தொடங்கினால் ஆப்பு சும்மா நிற்கும், பெஞ்ச் ஆடும்.

பசை இல்லை, ஆணி இல்லை. வீடு மாற வேண்டுமா? ஆப்பைத் தட்டி எடுங்கள், இருக்கையைத் தூக்குங்கள், நான்கு துண்டுகள் ஆட்டோவிலேயே போய்விடும். ஒன்று மட்டும்: இடம் மாற்றும்போது இருக்கையைப் பிடித்துத் தூக்காமல் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள்.

இதற்கு நான்கைந்து வார இறுதிகள் ஆகலாம். முதல் இணைப்பில் இடைவெளி தெரியும். மெல்லிய மரச்சில்லைச் செருகி மூடிக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.

விரிசல் விட்டால் தூக்கிப் போடணுமா?

வேண்டியதில்லை. இதற்கு நல்ல உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில் இருக்கிறது. அங்கே ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்டும் பணியை, கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் சார்பில் 1937 முதல் 1939 வரை தளத்திலேயே இருந்து கவனித்தவர் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். ஆசிரமத்தில் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார்கள். அந்த விடுதியின் தேக்கு மரச்சாமான்களையும் அவர் வடிவமைத்தார்.

அமெரிக்கா திரும்பிய பின், இரண்டாம் உலகப்போர் நடந்த 1942-இல், ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் குடும்பத்தோடு ஐடஹோ மாநில முகாமில் அடைத்தார்கள். அங்கே கிடைத்தது உதிரி மரமும் கைக்கருவிகளும்தான். உடன் அடைபட்டிருந்த கென்டாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சரிடம் அவர் வேலை கற்றுக்கொண்டார். 1943-இல் வெளியே வந்து, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் சின்னதாகப் பட்டறை தொடங்கினார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மேசைகள் அந்த ஊரிலிருந்துதான் வந்தன. 1964-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து மரச்சாமான்கள் வடிவமைத்தார்.

விரிசலை அவர் மறைக்கவில்லை. விரிசலுக்குக் குறுக்கே, வண்ணத்துப்பூச்சி வடிவில் வெட்டிய கெட்டி மரத்துண்டைப் பதித்து, அது மேலும் பரவாமல் பூட்டினார். இன்று அந்தப் பூட்டுதான் அவருடைய அடையாளம். உங்கள் பலகையும் பிளந்தால் இதையே செய்யலாம்: உடுக்கை வடிவத்தில் ஒரு துண்டை வெட்டுங்கள், அதைப் பலகை மேல் வைத்துக் கத்தியால் சுற்றிக் கோடு போடுங்கள், அந்தக் கோட்டுக்குள் உளியால் குழி எடுத்துப் பசையோடு இறக்குங்கள்.

பசையும் பூச்சும்

பழைய தச்சர்கள் பயன்படுத்தியது வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை. சூடும் ஈரமும் கொடுத்தால் அது இளகிவிடும் என்பதால் பழைய நாற்காலிகளைப் பிரித்துத் திரும்ப ஒட்ட முடிந்தது. 1959-இல் ஃபெவிகால் வந்தபின் காய்ச்சும் வேலை போயிற்று, பிரிக்கும் வசதியும் கூடவே போயிற்று. எனவே பலகையோடு பலகை ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை சரி. கழற்ற நினைக்கும் இணைப்பில் அதை வைக்காதீர்கள்.

பூச்சுக்கு அரக்கு நல்ல தொடக்கம். அரக்குப் பூச்சியிலிருந்து கிடைப்பது இது, ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தடவினால் நிமிடங்களில் காயும். சென்னபட்டணத்து மரப்பொம்மைகளின் பளபளப்பும் அரக்குதான். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பது குறை. மறுபடி ஒரு கை பூசினால் பெரும்பாலும் போய்விடும் என்பது நிறை.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறீர்களா? இதைக் கவனமாகப் படியுங்கள். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். யாரும் பற்றவைக்கத் தேவையில்லை. துணியை விரித்து வெளியில் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவைத்து அப்புறப்படுத்துங்கள்.

உப்புத்தாள் போடும்போது என்95 மாஸ்க் கட்டாயம். உளி வேலையில் ஒரே விதி: இரண்டு கையும் உளியின் முனைக்குப் பின்னால் இருக்கட்டும், மரத்தைப் பிடிப்பது கிளாம்ப்பின் வேலை. ஆபீஸ் முடிந்து அசதியாக வந்த இரவில் உளியைத் தொடாதீர்கள். திங்கட்கிழமை கீபோர்டு தட்டப் பத்து விரலும் வேண்டும்.

இது யாருடைய தொழில்?

உங்களுக்கு ஹாபி, இன்னொருவருக்கு இது சோறு. நம் ஊரில் தச்சு வேலை நெடுங்காலம் பிறப்போடு கட்டிவைத்த தொழில். “ஆசாரி” என்ற சொல்லே தொழிலையும் சாதியையும் ஒன்றாகச் சொல்கிறது. அந்தக் கட்டு இன்றும் அரசியல் விவாதம்தான். 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் 18 கைத்தொழில்கள் இருக்கின்றன, அவற்றில் தச்சும் ஒன்று. பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை உதவி. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கக் கேட்ட தமிழ்நாடு, 2024 நவம்பரில் அதைத் தற்போதைய வடிவில் ஏற்க மறுத்தது. 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது.

இதில் உங்கள் பங்கு என்ன என்று கேட்கலாம். ஒரு சதுரமான துளையை நேராக வெட்ட உங்களுக்கு ஒரு மதியம் ஆனபின், “இதுக்கு இவ்வளவா?” என்று தச்சரிடம் பேரம் பேச வாய் வராது. 2012-இல் வெளியான நார்ட்டன், மொக்கன், ஏரியலி ஆகியோரின் ஆய்வு ஒன்று, தன் கையால் சேர்த்த பொருளுக்கு மனிதர்கள் அதிக மதிப்புக் கொடுப்பதைக் காட்டியது. அதற்கு “ஐகியா விளைவு” என்று பெயர். அந்த மயக்கம் நமக்கும் வரும். நம் கோணல் பெஞ்சை ரசிக்கும் அதே கண்ணால், அடுத்தவர் செய்த நேரான பெஞ்சின் உழைப்பையும் பார்க்கக் கற்றுக்கொண்டால் நல்லது.

எங்கே கற்றுக்கொள்வது?

மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இந்திய வனவியல் ஆராய்ச்சி கவுன்சிலின் கீழ் இயங்குவது. மரவேலைப் பயிற்சி மையமும் அங்கே உண்டு, எந்தப் பயிற்சி எப்போது என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். தொழிலாகவே எடுக்க நினைப்பவர்களுக்கு ஐடிஐ-களில் ஓராண்டு தச்சர் பிரிவு. வார இறுதி வகுப்புகள் நடத்தும் தனியார் பட்டறைகளும் நகரத்தில் இருக்கின்றன. சேருவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: “சாணை பிடிக்கச் சொல்லித் தருவீங்களா?” இல்லை என்றால் அடுத்த இடம் பாருங்கள்.

இன்னொரு ஆசிரியர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். கதவு வேலைக்கு வரும் ஆசாரி அண்ணனிடம் ஒரு நாள் கூலி கொடுத்து, “அண்ணே, இழைப்புளி பிடிக்கக் கத்துக்கொடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். பலகையை விரலால் தடவி, “ரேகை இந்தப் பக்கம் ஏறுது, அந்தப் பக்கமிருந்து தள்ளு” என்று அவர் சொல்வதை எந்த வீடியோவும் உங்கள் விரலுக்குச் சொல்லித் தராது.

பெஞ்ச் முடிந்ததும் அதன் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உளியால் வருடத்தையும் உங்கள் பெயரையும் செதுக்கி வையுங்கள். அடுத்த மார்ச்சில் காற்று வறளும்போது ஆப்பு கொஞ்சம் தளரும். கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டுங்கள், மறுபடி இறுகிவிடும்.